குளிர்ந்த வளியும் குழாயின் வாயும்

ஒரு லீற்றர் பெற்றோலை எரித்து முடிப்பதற்கு ஒரு மோட்டார் வண்டி எவ்வளவு வளியை உட்கொள்கின்றது என்பதை நம்மிற் பெரும்பாலோர் எண்ணிப் பார்த்ததில்லை. பெற்றோலுக்கு விலை உண்டு. ஆதலின் அதனை அளந்து வாங்குகின்றோம், விலையேறினால் அரற்றுகின்றோம். வளிக்கு விலை இல்லை. ஆதலின் அதனைப் பற்றிய நினைவும் இல்லை. திணிவளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு வளி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலின் திணிவு முக்காற் கிலோகிராமிற் சற்றுக் குறைவு. எனவே அதற்கு வேண்டிய வளி ஏறத்தாழ 11 கிலோகிராம். நமது நாட்டு வெப்பத்தில் அவ்வளி 9,000 லீற்றருக்கு மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். 200 லீற்றர் கொள்ளும் எண்ணெய்ப் பீப்பாய்களில் அதனை நிரப்புவதாயின் 45 பீப்பாய்களும் போதா. இவ்வளவு வளியும் எங்கிருந்து வருகின்றது, எவ்வளவு சூட்டுடன் வருகின்றது, எவ்வழியாக வருகின்றது என்பனவே இவ்வாரம் நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம்.

இதனைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் எமக்குப் பெருமை தருவதன்று. எனினும், பிறருக்குப் பாடம் சொல்லும் தொழிலை மேற்கொண்டோர் தாம் கற்ற பாடத்தையும் சொல்லக் கடமைப்பட்டவரன்றோ? ஆதலின் மறைக்காது எழுதுகின்றோம்.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத் தொடக்கத்தில், எம்மிடம் உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயின்ற மாணவன் ஒருவன் எமது இல்லத்துக்கு வந்தான். இப்பொழுது அவன் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கின்றான். அவனுடைய தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். கலியாணம், கோயில், ஆசுபத்திரி என்று ஊரவர் எவ்வேளையில் அழைத்தாலும் மறுக்காது செல்பவர். 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் எண்ணெய் நிரப்பு நிலையத்தின் முன் இரவும் பகலும் காரிலேயே கிடந்து, பின்னர் வாராந்தப் பங்கீட்டுக்குள் வாடகை ஓடிப் பிள்ளைகளைக் காத்தவர். அந்நாள்களை மகன் மறந்தானல்லன். தன் முதற் சம்பளத்திலிருந்து தந்தையாருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று விரும்பினான். பளபளக்கும் உலோகக் குழாய் ஒன்றையும், கூம்பு வடிவான வளிவடிகட்டி ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். எஞ்சினின் சூட்டுக்குள் நின்று வளியை இழுப்பதற்குப் பதிலாக வெளியிலுள்ள குளிர்ந்த வளியை இழுத்தால் வலு கூடும், பெற்றோல் மிஞ்சும் என்று அதனுடன் வந்த தாளில் அச்சிட்டிருந்தனர்.

அவன் தாளை மாத்திரம் நம்பி வந்தவனல்லன். ஒரு கொப்பியில் கணக்கும் செய்து கொணர்ந்திருந்தான். "சேர், நீங்கள் படிப்பிச்ச கணக்குத்தான். சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றான். பார்த்தோம். கணக்குச் சரியாகவே இருந்தது. "கணக்குச் சரி" என்றோம். அவன் முகம் மலர்ந்தது, வணங்கிவிட்டுச் சென்றான். நாமும் நமது மாணவன் ஒருவன் வகுப்பறைக்கு வெளியே பௌதிகத்தைக் கொண்டு சென்றான் என்று உள்ளம் பூரித்தோம்.

நிற்க. அக்கணக்கு யாது?

வாயுவொன்றின் அமுக்கம் மாறாதிருக்க, அதன் கனவளவு தனிவெப்பநிலைக்கு நேர்விகிதமாகக் கூடும் என்பது விஞ்ஞானம் பயில்வோர் அனைவரும் அறிந்த விதி. பிரான்சு நாட்டினரான சாள்ஸ் 1787 ஆம் ஆண்டளவில் இதனை ஆராய்ந்தார். கேலுசாக் என்பார் 1802 இல் இதனை விளக்கமாக வெளியிட்டார். தனிவெப்பநிலை என்பது சாதாரண வெப்பநிலையுடன் 273 ஐக் கூட்டிப் பெறுவது. வெளியிலுள்ள வளி 30 பாகையில் இருப்பின் அது 303. பொனற்றின் கீழ், ரேடியேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிற் கிடந்து வெந்த வளி 60 பாகையாயின் அது 333. எஞ்சினின் சிலிண்டரோ ஓர் அளவுபாத்திரம் போன்றது; ஒவ்வொரு முறையும் ஒரே கனவளவையே இழுக்கும். ஆகவே 333 ஐ 303 ஆல் வகுத்தால் 1.10 வருகின்றது. அதாவது குளிர்ந்த வளியை இழுக்கும் எஞ்சின் ஒவ்வோர் இழுப்பிலும் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடுதலான திணிவுள்ள வளியைப் பெறும். வளி கூடின் ஒட்சிசன் கூடும்; ஒட்சிசன் கூடின் அதற்கேற்பப் பெற்றோலை எரிக்கலாம்; எரிவது கூடின் வலு கூடும். இதுவே அவன் செய்த கணக்கு.

இக்கணக்கு வெறுங் கற்பனையன்று. 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட் கம்பனியார், குறுந்தூர ஓட்டப்பந்தயத்துக்கென்று தண்டர்போல்ட் என்னும் காரை ஆக்கியபோது, முன்னாலிருந்த நான்கு விளக்குகளில் உள்ளிருந்த இரண்டையும் நீக்கி, அவ்விடங்களில் வலை பொருத்தி, அங்கிருந்து பெருங் குழாய்கள் வழியாக வெளிவளியைக் காபரேற்றருக்குக் கொண்டுசென்றனர். விளக்கினும் வளி பெரிது என்று கருதினர் போலும்! இன்று நமது வீதிகளில் ஓடும் புதிய டீசல் லொறிகளிலும் பஸ்களிலும் இன்ரர்கூலர் என்னும் உறுப்பு இருப்பதும் இக்காரணத்தினாலேயே. அவ்வண்டிகளில் டர்போ என்னும் பொறி வளியை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதை அறிந்தவர்க்கு, அமுக்கிய வளி சூடேறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரு மடங்காக அமுக்கிய வளியின் வெப்பநிலை 100 பாகையையும் தாண்டிவிடும். அதனை ரேடியேற்றர் போன்றதோர் அமைப்பினூடாகச் செலுத்தி 50, 60 பாகைக்குக் கொணர்ந்தால், ஒரே அமுக்கத்தில் நூற்றுக்கு இருபது பங்களவு கூடுதலான வளி உட்செல்லும். ஆங்கே குளிர்விப்பதன் பயன் பெரிது.

ஆயின் சாதாரணப் பெற்றோற் காரின் நிலை வேறு. கணக்கிற் கண்ட பத்து, வீதியில் பத்தாக நிற்பதில்லை. குளிர்ந்த வளி குழாயை விட்டு எஞ்சினின் தலைப்பகுதியை அடையும்போது, ஆங்குள்ள சுடுசுவர்களிலிருந்து வெப்பத்தைப் பெற்றுக்கொள்கின்றது. எவ்வளவுக்குக் குளிர்ந்து வருகின்றதோ அவ்வளவுக்கு விரைந்து சூடேறுகின்றது. இதனாலேதான் பெற்றோல் எஞ்சின்களின் வலுவைப் பொது அளவைக்குக் கொணர்வதற்குப் பொறியியலாளர் செய்யும் திருத்தங்களில், தனிவெப்பநிலைகளின் விகிதத்தை அப்படியே கொள்ளாது அதன் வர்க்கமூலத்தைக் கொள்ளும் வழக்கம் உண்டு. 1.10 இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.05. எனவே பத்து ஐந்தாயிற்று. அவ்வைந்தும் அக்சிலரேற்றரை முற்றாக மிதிக்கும்போது கிடைப்பதேயன்றி எப்பொழுதும் கிடைப்பதன்று.

பெற்றோல் மிஞ்சும் என்ற கூற்றையும் சிறிது ஆராய்வோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாடகைக் காருக்கு வேண்டிய வலு மிகச் சிறிது. ஓட்டுநர் மெல்ல மிதிக்கின்றார். வளி செல்லும் வழியிலுள்ள கதவு சிறிதளவே திறந்திருக்கின்றது. எஞ்சின் அச்சிறு வாயிலினூடாக வளியை வருந்தி இழுக்கின்றது. அவ்வாறு இழுப்பதிலும் வலு செலவாகின்றது. வருகின்ற வளி அடர்ந்ததாயின், அதே வேகத்துக்குக் கதவை இன்னுஞ் சற்று மூட வேண்டியதாகும். மூடினால் இழுக்கும் வருத்தம் கூடும். ஆகவே மெல்ல ஓடும் பெற்றோற் காருக்குக் குளிர்ந்த வளியினால் எண்ணெய் மிஞ்சுவதில்லை. ஒருகால் மிகச் சிறிதளவு கூடுதலாகச் செலவாகவும் கூடும். இதனை அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னோமல்லோம்.

வேகத்தினால் வளி தானே குழாய்க்குள் திணிக்கப்படும் என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் காரின் முகத்தில் மோதும் காற்றினால் உண்டாகும் மேலதிக அமுக்கம், வளிமண்டல அமுக்கத்தில் நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவு. சன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் பெரிதெனத் தோன்றும் அக்காற்று, எஞ்சினுக்கு ஒரு பொருட்டன்று.

குளிர்ந்த வளியே எப்பொழுதும் நல்லது என்பதும் சரியன்று. குளிர்நாடுகளில், பெற்றோல் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதால், ஈரமான குளிர்வளியை இழுக்கும் காபரேற்றருக்குள் பனிக்கட்டி படிந்து எஞ்சின் நின்றுவிடுவதுண்டு. ஆகவே பிரித்தானியாவில் 1960 ஆம் ஆண்டையொட்டி ஆக்கப்பட்ட மினி போன்ற சில கார்களில், வளிவடிகட்டியின் மூக்கைக் கோடையில் ஒரு பக்கமும் மாரியில் சுடுபுகைக் குழாயின் பக்கமும் திருப்பி வைக்குமாறு சொல்லியிருந்தனர்.

நமது ஊரிலும் சூட்டைத் தேடிய காலம் ஒன்று இருந்தது. நாம் பள்ளிச் சிறுவராயிருந்த காலம் அது. 1990 ஆம் ஆண்டை அடுத்து வந்த பொருளாதாரத் தடையின் காரணமாக யாழ்ப்பாணத்திற் பெற்றோல் காண்பதற்கரிய பொருளாயிற்று. அப்பொழுது ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். காரணம் வெளிப்படை. பெற்றோல் குறைந்த வெப்பத்திலே ஆவியாவது. மண்ணெண்ணெய் ஆவியாவதற்குப் பெருஞ் சூடு வேண்டும். ஆவியாகாத எண்ணெய் எரியாது சிலிண்டரின் சுவர்வழியே கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயுடன் கலந்து அதனைத் தண்ணீர்போல் ஆக்கிவிடும். இன்றைய இளைஞன் பொனற்றின் சூட்டிலிருந்து தப்ப வழி தேடுகின்றான்; அன்றைய மெக்கானிக் அச்சூட்டைக் காக்க வழி தேடினார். இருவரும் அறியாதவரல்லர். எரிபொருள் யாது, எஞ்சின் யாது, வேலை யாது என்பவற்றைப் பொறுத்தே எது நல்லது என்பது அமையும்.

நுவரெலியாவுக்குச் சென்று வந்தோர், அங்குள்ள குளிரில் கார் நன்றாக இழுத்தது என்று சொல்லக் கேட்டிருக்கின்றோம். உண்மை அதற்கு மாறானது. அவ்வூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆங்குள்ள வளியமுக்கம் கடற்கரையிலுள்ளதில் ஐந்தில் நான்கு பங்களவே. 16 பாகைக் குளிரினால் வளி ஓரளவு அடர்ந்தாலும், மொத்தத்திற் கொழும்பு வளியிலும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு மெலிந்ததாகவே இருக்கும். குளிரினாற் பெறுவதை உயரம் பறித்துக்கொள்கின்றது. ஈரமும் இவ்வாறே. 30 பாகை வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரப்பதனும் உள்ள கடற்கரை வளியில், நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் நீராவியே இடம்பிடித்திருக்கும். நீராவி எரிய உதவாது.

இவ்வளவும் கூறியதால் குளிர்ந்த வளியினால் யாதொரு பயனும் இல்லை என்று கொள்ளலாகாது. வெய்யிலில், நெரிசலான வீதியில், குளிரூட்டியும் இயங்க, மெல்ல ஊர்ந்து செல்லும் காரின் பொனற்றுக்குள் வெப்பநிலை வெளியிலும் 20, 30 பாகை கூடிவிடும். அத்தகைய சுடுவளியை இழுக்கும் எஞ்சினில் பெற்றோல் உரிய வேளைக்கு முன்னரே வெடித்துத் தட்டும் சத்தம் உண்டாக ஏதுவாகும். இக்காலக் கார்களிலுள்ள கணினி அதனை அறிந்து, பொறி எழும் வேளையைப் பின்தள்ளி எஞ்சினைக் காக்கின்றது; அதனால் வலு குறைகின்றது. வெளிவளி இக்குறையைத் தவிர்க்கும். எனவே கொள்கை பிழையன்று. பிழை எங்கே நேர்ந்தது என்பதை இனிச் சொல்வோம்.

கார்த்திகை மாதம் பிறந்தது. மாரி தொடங்கி நாலைந்து நாள்களாக மழை விடாது பெய்தது. ஒருநாள் இரவு பத்து மணியளவில் அயல்வீட்டு மூதாட்டி ஒருவருக்கு மூச்சிழுப்பு உண்டாகவே, அம்மாணவனின் தந்தையார் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்கு விரைந்தார். வழியில் ஒரு மதகின் அருகே வீதியின் மேல் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழான வெள்ளமே. எத்தனையோ மாரிகளில் அவ்விடத்தை அதே காரிற் கடந்தவர் அவர். அன்றும் மெல்லச் செலுத்தினார். நடுவழியில் ஒரு பெரும் அதிர்ச்சியுடன் எஞ்சின் நின்றது. நின்றதே நின்றது.

மழையில் இறங்கி ஓடி, முக்கால் மணித்தியாலத்தின் பின் ஓர் ஓட்டோவைக் கண்டுபிடித்து அம்மூதாட்டியை ஆசுபத்திரியிற் சேர்த்தார். இறைவன் அருளால் அவர் பிழைத்தார், இன்றும் நலமாயிருக்கின்றார். கார் பிழைக்கவில்லை.

நிகழ்ந்தது யாது? பொருத்திய புதிய குழாய், வெளிவளியைத் தேடி முன்பம்பரின் பின்னே, தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைந்த உயரத்துக்கு இறங்கியிருந்தது. அதன் நுனியிலேதான் வடிகட்டி இருந்தது. வளி குளிர்ந்திருந்த அவ்விடத்தில் அன்றிரவு வளிக்குப் பதிலாக வெள்ளம் இருந்தது. எஞ்சின் தனக்கு முன்னிருப்பது வளியோ நீரோ என்று ஆராய்வதில்லை; இழுப்பது ஒன்றே அதன் தொழில். நீரை இழுத்தது.

வளி அமுங்கும், நீர் அமுங்காது. 1,500 கனசென்ரிமீற்றர் கொண்ட, நான்கு சிலிண்டர்களையுடைய எஞ்சினொன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் பங்கு 375. அமுக்க விகிதம் பத்துக்கு ஒன்றாயின், பிஸ்டன் உச்சியை அடையும்போது மேலே எஞ்சும் இடம் ஏறக்குறைய 42 கனசென்ரிமீற்றர். அதாவது மூன்று மேசைக்கரண்டி நீர் அவ்விடத்தை நிரப்பிவிடும். அதற்கு மேல் ஒரு கரண்டி சேர்ந்தாலும் பிஸ்டன் மேலே செல்ல இடமில்லை. செல்லவும் இயலாது, பின்னே வரும் விசையினால் நிற்கவும் இயலாது, பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத்தண்டு வளைகின்றது. அன்று நிகழ்ந்ததும் அதுவே. ஒரு தண்டு வளைந்து, சிலிண்டரின் சுவரும் கீறப்பட்டது.

இரண்டு நாள்கள் கழித்துச் செய்தி எமது செவிக்கு எட்டியது. சென்று பார்த்தோம். கராஜின் ஒரு மூலையில் எஞ்சின் பிரித்துப் பரப்பப்பட்டிருந்தது. மகன் நிலத்தை நோக்கி நின்றான். தந்தையார் எம்மைக் கண்டதும் கதிரையொன்றைத் துடைத்து வைத்தார். "வாங்கோ மாஸ்ரர், இருங்கோ" என்றார். பின்னர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "பெடியன் உங்களிட்டைக் கேட்டுத்தான் பூட்டினவன் எண்டு சொன்னான். நீங்கள் பிழை சொல்லியிருக்க மாட்டியள்" என்றார்.

அச்சொற்களிற் கோபம் இருந்திருப்பின் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அவர் உண்மையாகவே அவ்வாறு நம்பினார்.

நாம் பிழை சொன்னோமா? கொப்பியிலிருந்த கணக்குச் சரியே. சரியென்றோம். ஆயின் அவன் எம்மிடம் வந்தது கணக்குக்குப் புள்ளி பெறுவதற்கன்று. தந்தையாரின் காரில் இதனைப் பொருத்தலாமா என்று அறிவதற்கு. கேட்ட கேள்விக்கு விடை சொன்னோம். கேட்க வந்த கேள்வியை உணர்ந்தோமல்லோம். எழுந்து சென்று வாயிலில் நின்ற காரின் பொனற்றைத் திறந்து, "இக்குழாயின் வாய் எங்கே திறக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பின் போதும். வளியின் வெப்பநிலையை அளந்த நாம் வாயின் உயரத்தை அளக்கவில்லை. கார்த்திகை மாத முகூர்த்தங்களுக்கென்று பேசியிருந்த வாடகைகள் யாவும் அவருக்குக் கைநழுவின. பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கை ஏற்க முன்வந்தோம். அவர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். மகன் மாதந்தோறும் தன் சம்பளத்திலிருந்து கடனை இறுத்து வருகின்றான்.

இன்னுமொன்று உண்டு. எஞ்சினை மீளப் பூட்டும்போது அக்கராஜின் முதிய மெக்கானிக், பழைய வளிவடிகட்டிப் பெட்டி எங்கே என்று கேட்டார். வீட்டுக் கோடியிற் கிடந்த அதனைக் கொணர்ந்தபோது, அதன் முன்னே இருக்க வேண்டிய வளைந்த பிளாஸ்ரிக் குழாயைக் காணவில்லை என்று காட்டினார். கார் இந்நாட்டுக்கு வந்த பின், எப்போதோ எவரோ பழுதுபார்க்கையில் கழற்றி எறிந்துவிட்டனர். பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் அதனைச் சொற்ப விலைக்கு வாங்கிப் பொருத்தினார். அது வடிகட்டிப் பெட்டியிலிருந்து முன்விளக்கின் பின்புறமாக, ரேடியேற்றரின் மேல் விளிம்பளவு உயரத்திற் சென்று வெளிவளியை நோக்கித் திறந்தது. ஆக்கியோர் முன்னரே வெளிவளிக்கு வழிசெய்திருந்தனர். வெள்ளம் எட்டாத உயரத்தில், மழைநீர் நேரே புகாத வளைவுடன், எஞ்சினின் சூடு படாத பக்கத்தில் அமைத்திருந்தனர். அவன் சம்பளத்தைக் கொடுத்துத் தேடிய பொருள் அக்காருக்கு உரியதாகவே இருந்தது. ஒரு துண்டு மாத்திரம் காணாமற்போயிருந்தது.

வாகனமுள்ள வாசகர்களுக்கு இதிலிருந்து சில சொல்ல விரும்புகின்றோம். 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீளத் தொடங்கிய பின்னரும், புதிய வண்டி வாங்கும் வசதி பலருக்கு இல்லை. பழைய வண்டியைப் பேணுவதே வழி. பழைய வண்டிகளில் இவ்வளிக்குழாய் உடைந்தோ கழன்றோ போயிருப்பது அரிதன்று. பொனற்றைத் திறந்து, வடிகட்டிப் பெட்டியிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் குழாய் உண்டா, அது வெடிப்பின்றி முற்றாகப் பொருந்தியிருக்கின்றதா என்று பாருங்கள். இல்லையாயின் அதே வண்டிக்குரிய குழாயைத் தேடிப் பொருத்துங்கள். வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுங்கள். நமது செம்மண் வீதிகளின் புழுதி எஞ்சினுக்குள் செல்லின் அரத்தினால் அராவியது போலாகும்; மூடியில்லாத கூம்புவடிகட்டி பொனற்றுக்குள் வெறுமனே நிற்பதாயின் அது இழுப்பது குளிர்ந்த வளியுமன்று.

புதிதாக ஏதேனும் குழாய் பொருத்த விரும்புவோர், அதன் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் திறக்கின்றது என்பதை முதலில் அளந்து பாருங்கள். ஆக்கியோர் வைத்த உயரத்திற் குறைந்த இடத்துக்கு அதனை ஒருபோதும் இறக்காதீர்கள். வெள்ளத்தில் எஞ்சின் நின்றுபோனால், மீண்டும் தொடக்க முயலாதீர்கள். முதல் முறையில் தப்பிய தண்டு இரண்டாம் முறையில் வளைந்துவிடும். வண்டியைத் தள்ளி மேட்டில் ஏற்றி, மெக்கானிக்கைக் கொண்டு பிளக்குகளைக் கழற்றி, உள்ளிருக்கும் நீரை வெளியேற்றிய பின்னரே தொடக்குதல் வேண்டும்.

இவ்வாண்டும் உயர்தர வகுப்பில் சாள்ஸின் விதியைக் கற்பித்தோம். 303, 333 என்ற அதே கணக்கையே கரும்பலகையில் எழுதினோம். மாணவர் விரைவாகச் செய்து 1.10 என்று விடை கூறினர். முன்னாயின் அவ்விடையின் கீழ் ஒரு கோடிட்டு அடுத்த கணக்குக்குச் சென்றிருப்போம். இம்முறை, "குழாயின் வாய் எங்கே இருக்கின்றது?" என்று எழுதிவிட்டுத் திரும்பினோம். கணக்கில் அவ்வாறு ஒன்றும் தரப்படவில்லையே என்று முன்வரிசையில் இருந்த மாணவியொருத்தி கூறினாள்.

"தரப்படவில்லை, ஆதலாலேதான் எழுந்து சென்று பார்க்க வேண்டும்" என்றோம்.